செம்புச் சட்டி விஷயமாக அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஒரே தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் அடுப்பும் நலம். அங்கே உன் நலமும், உன் வீட்டுக்காரரின் இடது கண்ணின் நலமும் அறிய ஆவல். போன வாரம் போனில் "என்னடி சமைக்கிற, எதுல சமைக்கிற?" என்று கேட்டாய். "எல்லாத்துலயும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது முழு உண்மை இல்லை. விவரமாகச் சொல்லலாம் என்றால் போனில் நீ நடுவில் புகுந்து திருத்துவாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. ஐம்பத்தெட்டு வயதில் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லையாம். பதிவு அலுவலகத்தில் நானே ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டேன். கண் ஆபரேஷனுக்குப் போன இடத்தில் உனக்குக் கட்டு அவிழ்த்த அதே நாளில் ஒரு படகோட்டிக்கும் கட்டு அவிழ்த்ததும், இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்ததும், நான் சொட்டு மருந்து வாங்க வரிசையில் நின்ற இருபது நிமிஷத்துக்குள் நீங்கள் இரண்டு பேரும் எல்லாவற்றையும் பேசி முடித்ததும் யாருடைய குற்றமும் இல்லை. அந்த டாக்டர் ஆபரேஷனை ஒழுங்காகத்தான் செய்தாரா என்று எனக்குச் சில நாள் சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை. இருபத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். நீ தபால் ஆபீசில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்துவிட்டு வந்து சமைத்தாய். நான் தொழிற்சாலையில் பாட்டில் மூடிகளைச் சோதித்துவிட்டு வந்து சாப்பிட்டேன். அந்த ஏற்பாட்டில் என் பக்கம் எந்தக் குறையும் இருக்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

நீ போன முதல் மாதம் மத்தியானம் கேன்டீன், சாயங்காலம் ரொட்டி என்று ஓட்டினேன். ரொட்டியில் ஒரு வசதி உண்டு, அதற்குப் பாத்திரம் தேவையில்லை. பாத்திரம் தேவைப்படாததாலேயே, இதை எப்படிச் சொல்வது, உன் பாத்திரங்களையெல்லாம் மூட்டை கட்டிக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கத்தாதே. ஒரு மூடிகூட எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தவில்லை. இருபத்தாறு வருஷமாக மூடி சோதிக்கிறவளின் வீட்டில் இப்படி ஒரு அலமாரி இருந்திருக்கிறது, நான் அதைத் திறந்தே பார்த்ததில்லை. இது தையல்காரம்மாவிடம் நான் சொன்ன காரணம். அந்த அலமாரியைத் திறந்தாலே உன் கை வாசனை அடித்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவர் மூட்டையை வாங்கிக்கொண்டு, "அப்ப நீங்க எதுல சமைப்பீங்க?" என்று கேட்டார். நான் அதை யோசித்திருக்கவே இல்லை. வாய் சும்மா இருக்குமா? "நல்லதா ஒண்ணு வாங்கப் போறேன். செம்புல" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் செம்பு என்று உனக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் அந்தப் பாத்திரக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நீ வாராவாரம் நிற்பாய். "வாங்கினா அப்படி ஒண்ணு வாங்கணும்டி" என்பாய். நான் "பஸ் வருது, வா" என்பேன். இதுதான் வருஷக்கணக்காக நடந்தது. நீ ஊரை விட்டே போன பிறகு அதை வாங்கப் புறப்பட்டேன் பார், என் புத்தி எப்போதுமே பஸ் போன பிறகுதான் ஸ்டாப்புக்கு வரும்.

கடைக்கு வெறுங்கையோடு போகவில்லை. தொழிற்சாலையிலிருந்து ஒரு காந்தமும், கனம் அளக்கிற வெர்னியரும் கொண்டு போனேன். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்த சட்டி பளபளவென்று இருந்தது. நான் அதன் வயிற்றில் காந்தத்தை வைத்தேன், சமத்தாக ஒட்டிக்கொண்டது. செம்பில் காந்தம் ஒட்டாது, அக்கா. அது செம்புச் சட்டை போட்ட இரும்பு. "ரிஜெக்ட்" என்றேன். இரண்டாவதில் காந்தம் ஒட்டவில்லை, ஆனால் வெர்னியர் ஒரு மில்லிமீட்டர் காட்டியது. தட்டினால் தகர டப்பா மாதிரிச் சத்தம். அவ்வளவு மெல்லியதாக இருந்தால் தீ பட்ட இடம் மட்டும் கருகும். ரிஜெக்ட். மூன்றாவதில் கைப்பிடியை ரிவெட் ஆணி அடிக்காமல் பற்றவைத்திருந்தார்கள், ஒரு நாள் சூட்டோடு காலில் விழும். ரிஜெக்ட். நான்காவதில் காந்தம் கைப்பிடியில் டப்பென்று ஒட்டியதும் நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டு, "அம்மா, பிடி மட்டும் இரும்புதான், அப்பதான் சீக்கிரம் சூடு ஏறாது. வயித்துல வச்சுப் பாருங்க" என்றார். வயிற்றில் ஒட்டவில்லை. கனம் இரண்டரை மில்லிமீட்டர். மூன்று ரிவெட். உள்ளே ஒரு புள்ளி விடாமல் வெள்ளீயம் பூசியிருந்தது. மூடி, அக்கா, மூடி! எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒரே மாதிரி உட்கார்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அப்போதும் விடாமல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விளிம்பை ஒரு சுற்றுப் பார்த்தேன். கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார்.

"ஏம்மா, நீங்க சட்டி வாங்க வந்தீங்களா, சட்டிக்கு மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?"

"மாப்பிள்ளைய இப்படிப் பாக்க விட்டிருந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கறேன்?" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு உடனே வருத்தமாகிவிட்டது. உன் வீட்டுக்காரரிடம் காந்தம் வைத்துப் பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர் நல்லவராகத்தான் இருப்பார். பணம் கட்டும்போது கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார்: உள்ளே இரும்புக் கரண்டி போடாதே, கம்பி நார் வைத்துத் தேய்க்காதே, தீயைச் சின்னதாக வை, வெறும் சட்டியை அடுப்பில் வைக்கவே வைக்காதே. "தரக்கட்டுப்பாட்டில் எனக்கு இருபத்தாறு வருஷ அனுபவம்" என்று அவரை நிறுத்திவிட்டேன். நிறுத்தியிருக்கக் கூடாது.

சட்டி மூன்று கிலோ இருக்கும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பொதியைத் தொட்டுப் பார்த்து, "கல்யாணப் பரிசா? யாருக்குங்க கல்யாணம்?" என்றாள். "எங்க அக்காவுக்கு" என்றேன். அவள் என் நரைமுடியைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கே தக்காளி சூப் வைப்பது என்று சட்டியை ஏற்றினேன். பத்து நிமிஷத்தில் வீடு முழுக்க ஒரு நாற்றம், ரப்பர் செருப்பைப் பொசுக்கினால் வருமே, அப்படி. புதுச் செம்பு கடையில் மங்காமல் இருக்க வெளியே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்களாம், அதை எடுத்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டுமாம். அதைக் கடைக்காரர் சொல்வதற்குள்தான் நான் அவரை நிறுத்திவிட்டேனே. தையல்காரம்மா கழுத்தில் இஞ்ச் டேப்போடும் கையில் கத்தரிக்கோலோடும் மாடி ஏறி ஓடி வந்தார். "என்னங்க, ரப்பர் பொம்மைய எரிக்கிறீங்களா?" என்றார். ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துவிட்டு, "வெந்நீர்ல சோடா உப்பு போட்டுச் சட்டிய முக்கிக் கொதிக்க வைங்க, பூச்சு உரிஞ்சு வந்துரும்" என்று வழி சொன்னார். நல்ல யோசனை. சட்டியை முக்குவதற்கு அதைவிடப் பெரிய பாத்திரம் வேண்டும். அது எங்கே இருக்கிறது? அவர் வீட்டில். உன் பெரிய அலுமினியக் குண்டானை, நான் தானமாகக் கொடுத்ததை, நானே கீழே போய் இரவல் கேட்டு வாங்கி வந்தேன். "நல்லாக் கழுவிக் குடுத்துருங்க" என்று வேறு சொல்லி அனுப்பினார். பூச்சு உரிந்தது. சோடா உப்புக்கு அலுமினியம் ஆகாது என்பது யாருக்குத் தெரியும்? உன் குண்டான் உள்ளே கரிச்சட்டி மாதிரி கறுத்துவிட்டது. இப்போது அது அவருடைய குண்டான் என்பதால் உன்னிடம் மன்னிப்புக் கேட்பதா, அவரிடம் கேட்பதா என்று தெரியாமல் இரண்டு பேரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படி. போன மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நீ போன் செய்தாயே, நினைவிருக்கிறதா? முட்டை பொரிக்கலாம் என்று அப்போதுதான் சட்டியை அடுப்பில் வைத்தேன். எண்ணெய் ஊற்றவில்லை. நீ எப்போதும் வெறும் சட்டியை முதலில் காயவைப்பாய், நானும் அப்படியே செய்தேன். போன் அடித்தது. நீ "சாப்பிட்டியா?" என்றாய். நான் "ம்" என்றேன். நீ "வேலை எப்படிப் போகுது?" என்றாய். நான் "போகுது" என்றேன். அப்புறம் நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, ஏதோ படகு போயிருக்கும். நீ வைப்பாய் என்று நான் காத்திருந்தேன், நான் வைப்பேன் என்று நீ காத்திருந்திருப்பாய். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று எனக்குத் தெரியாது. நான் வைக்க விரும்பவில்லை, அக்கா. நீ மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அது போதுமாக இருந்தது. கடைசியில் அடுப்படியிலிருந்து சுடச்சுட உலோக வாடை வந்தது. "பால் பொங்குது, வைக்கிறேன்" என்று சொன்னேன். பாலெல்லாம் ஒன்றும் இல்லை. போய்ப் பார்த்தால் சட்டிக்குள் வெள்ளீயம் உருகி, மணி மணியாக உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடியில் உள்ளங்கை அளவுக்குச் செம்பு சிவப்பாகப் பல்லைக் காட்டியது. பதறிப்போய்க் கைப்பிடியை வெறும் கையால் பிடித்தேன்; சீக்கிரம் சூடு ஏறாது என்றார், ஏறவே ஏறாது என்று சொல்லவில்லை. மூன்று விரலில் கொப்புளம். ஒரு வாரம் மூடி சோதிக்கிற வேலையை இடது கையால் செய்தேன். எத்தனை நல்ல மூடிகள் குப்பைக்குப் போயினவோ.

செம்பு வெளியே தெரிகிற சட்டியில் தக்காளி, எலுமிச்சை என்று புளிப்பு எதையும் சமைத்தால் செம்பு சாப்பாட்டில் இறங்கி வயிற்றைக் கெடுக்கும். அது இந்தத் தடவை கேட்காமலே எனக்குத் தெரிந்திருந்தது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஈயம் பூசுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று விசாரித்துத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் உள்ளே பார்த்துவிட்டு, "வெறும் சட்டிய அடுப்புல வச்சுட்டு எங்க போனீங்க?" என்றார்.

"போன் வந்துச்சு."

"முக்கியமான போனா?"

"ஒண்ணும் பேசல" என்றேன்.

அவர் சட்டியைக் கையில் தூக்கி எடை பார்த்து, "நல்ல செம்பு. பாத்துத்தான் வாங்கியிருக்கீங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காந்தக் கதையையும் வெர்னியர் கதையையும் முழுக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "வீட்டுல எத்தனை பேரு?" என்றார்.

"ஒருத்தி."

"இது ஆறு பேர் சட்டிம்மா."

அக்கா, நான் காந்தம் வைத்தேன், கனம் அளந்தேன், ரிவெட் எண்ணினேன், மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எத்தனை பேருக்குச் சமைக்கலாம் என்று மட்டும் பார்க்கவில்லை. "இதுல ஒருத்திக்குன்னு கொஞ்சமா வச்சீங்கன்னா மேல் பாதி வெறுமனே காஞ்சுக்கிட்டே கிடக்கும், பூச்சு நிக்காது. சின்னதா ஒண்ணு வாங்கிக்கங்க" என்றார். "பரவால்ல, யாராவது வருவாங்க" என்று என் வாய் சொன்னது. யார் என்று அவர் கேட்டிருந்தால் காந்தக் கதையை மறுபடியும் ஆரம்பித்திருப்பேன். நல்லவேளை, ஊதுலைச் சத்தத்தில் அவருக்கு அது காதில் விழவில்லை.

மூன்றாம் நாள் சட்டி வெள்ளி மாதிரி திரும்பி வந்தது. இப்போது முறையாகச் செய்கிறேன். மரக்கரண்டி, சின்னத் தீ, முதலில் எண்ணெய் அப்புறம்தான் அடுப்பு. வெளியே மங்கினால் எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டுத் தேய்க்கிறேன், உள்ளே துணியால் மட்டும். நல்ல செம்பின் அருமை சமைக்கும்போதுதான் தெரிகிறது. சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போகிறது, தீயைக் குறைத்த அந்த நொடியே கொதி அடங்குகிறது, சொன்ன பேச்சைக் கேட்கிற பாத்திரம். ஆனால் ஆறு பேருக்கு வைக்க வேண்டியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வைத்த உருளைக்கிழங்கு சூப்பைப் புதன்கிழமை வரை சாப்பிட்டேன். வியாழக்கிழமை மிச்சத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டு போனேன். என் பட்டப்பெயர் உனக்குத் தெரியுமே. சோதனை மேஜைப் பெண்கள் ஆளுக்கொரு கிண்ணம் வாங்கிக்கொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். "ரிஜெக்ட் அம்மா கொண்டுவந்தத யாரு ரிஜெக்ட் பண்றது?" என்று ஒருத்தி சிரித்தாள். கடைசியில் மூலையில் உட்காரும் பெண்தான் துணிந்து, "உப்பே போடலீங்களே" என்றாள்.

போடவில்லைதான். நான்கு நாள் சாப்பிட்டவளுக்குத் தெரியவில்லை. சமையலில் என் வேலை என்னவாக இருந்தது என்று அப்போதுதான் யோசித்தேன். நீ கரண்டியை அடுப்படி வாசல்வரை கொண்டு வந்து நீட்டுவாய், நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் ருசி பார்த்து "சரி" என்பேன், அல்லது "இன்னும் கொஞ்சம்" என்பேன். அவ்வளவுதான் என் பங்கு. இப்போது நானே போட்டு, நானே ருசி பார்த்து, நானே சரி என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் தொழிற்சாலையில் அதை அனுமதிப்பதே இல்லை. செய்கிறவர் ஒருவர் என்றால் பார்க்கிறவர் இன்னொருவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு வெளியே போகாது.

ஆகவே இதன் மூலம் நான் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், நான் மிகவும் நன்றாக இருக்கிறேன். என்னைப் பற்றி நீ கவலைப்பட ஒன்றுமில்லை. அடுத்த மாதம் இரண்டு நாள் வந்து இருப்பதாகச் சொன்னாய். பஸ்ஸில் அவ்வளவு தூரம் சிரமப்பட வேண்டாம். என்னையும் அங்கே கூப்பிடாதே. எனக்கு லீவு இல்லை, தண்ணீரைப் பார்த்தாலே தலை சுற்றும், புதிதாகக் கல்யாணமானவர்கள் வீட்டில் மூன்றாவது ஆளாக வந்து நிற்கிற அளவுக்கு எனக்கு விவரம் கெட்டுப்போகவில்லை. உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பைச் சொல். கண்ணுக்கு வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடச் சொல். சின்னவள் பெரியவளை வாழ்த்தக் கூடாது என்பார்கள். அதனால் வாழ்த்தாமல், நல்லா இரு என்று மட்டும் எழுதி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மேல் எந்தக் கோபமும் இல்லாத
தங்கை

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை நேற்று முடித்து உறையில் போட்டேன். இன்று சனிக்கிழமை, காலை பத்து மணிக்குத் தபால்பெட்டிக்குப் புறப்படக் கதவைத் திறந்தால் வாசலில் உன் வீட்டுக்காரர் நிற்கிறார். தனியாக. சட்டையில் நடுப் பட்டன் இல்லை. நான் பயந்துவிட்டேன், உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று. "அவளுக்கு ஒண்ணுமில்ல. நான் இங்க வந்தது அவளுக்குத் தெரியாது. கண் ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "உங்க அக்கா நாலு மாசமா மூணு பேருக்குச் சமைக்கிறா. நானும் சொல்லிப் பாத்தேன், கை அப்படித்தான் அளக்குதுங்கறா. மிச்சம் வச்சா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. அதனால அந்தப் பங்கையும் நானே சாப்பிடறேன். இனிமே என்னால முடியாதுங்க" என்றார். பட்டன் போன காரணம் அப்போதுதான் விளங்கியது.

பட்டன் இல்லாத இடத்தைக் கையால் மூடிக்கொண்டு, "நீங்க கோபமா இருக்கீங்கன்னு அவ நினைக்கிறா. இருக்கீங்களா?" என்றார்.

"ஆமா, இருக்கேன்" என்றேன். நாலு மாசத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

அவர் கைக்குட்டையை எடுத்து நீட்டி, "சரி, அப்ப அங்க வந்து கோபமா இருங்க. போன்ல கோபப்பட்டா அவளுக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார்.

ஆகவே மேலே எழுதியதில் என்னுடைய லீவு, தண்ணீர், கோபம், நலம் ஆகிய நான்கைப் பற்றியும் நான் சொன்னதை அடித்துவிட்டுப் படி. எனக்கு நாற்பத்தொரு நாள் லீவு பாக்கி இருக்கிறது. இதைத் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டு வருகிறேன். அத்தான் கீழே தையல்காரம்மாவிடம் பட்டன் தைத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு பஸ். சாயங்காலச் சாப்பாட்டுக்குள் வந்துவிடுவோம் என்கிறார். இன்றைக்கு அந்த மூன்றாவது பங்கை அவருக்குப் போட்டுவிடாதே. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை, பசியோடு வருகிறேன்.